பிளேடு தின்ற அகலம்

1986 ஆடி மாதம் கான்சாபுரத்தில் தம்பி அண்ணனை ஓங்கி அறைந்தபோது, அந்த அறை கன்னத்துக்கு ஒரு தாள் கனம் முன்னால் நின்றுவிட்டது. மறுபடி அறைந்தான், மறுபடியும் நின்றது. அண்ணன் திருப்பி எட்டி உதைத்தான், கால் தம்பியின் வேட்டியைக்கூடத் தொடவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு இருவரையும் பிடித்து ஒருவர்மேல் ஒருவரைத் தள்ளிப் பார்த்தார்கள். நடுவில் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. முந்தின வாரம்தான் அவர்கள் பாகம் பிரித்துக்கொண்டு, பொதுக் கிணற்றில் அப்பா இறக்கியிருந்த இரும்புக் குழாயை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய், சோலைச்சாமி வீட்டு மிஷினில் சரிபாதியாக அறுத்து ஆளுக்கொரு பாதி எடுத்து வந்திருந்தார்கள். அந்த இடைவெளி மிஷினின் பிளேடு தின்ற அகலம்தான் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. பார்த்தவுடனே தெரிந்தது. அந்த வருடம் பருத்தி விலை இறங்கியிருந்ததால் ஊர் அதை அதிக நாள் பேசவில்லை.

சோலைச்சாமி ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து பென்ஷனில் வந்தவர். மில் ஒன்றில் பழைய சாமான் ஏலம் போட்டபோது இரும்பறுக்கும் அந்த பேண்ட்சா மிஷினை எடுத்து, வீட்டின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். கையால் ராவினால் தோள் கழன்றுபோகும் இரும்பை அது தானாக அறுத்தது. இரும்பை வைஸின் தாடைகளுக்கு நடுவில் இறுக்கி, கைப்பிடியைப் பிடித்து, பிளேடு பூட்டிய மேல்கையை இறக்கி வைத்தால் போதும். பல் வைத்த நீண்ட பட்டை இரண்டு சக்கரங்களில் சுற்றிக்கொண்டே தன் கனத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். சூடு தணிக்க மோர் மாதிரி கூலண்ட் சொட்டும். அறுந்த துண்டு தட்டில் விழும்போது மேல்கை சுவிட்சில் இடித்து மிஷின் தானே நின்றுவிடும். அந்த நேரத்தில் வரும் அமைதிக்காகவே சோலைச்சாமி அதை வாங்கினார் என்று அவர் மனைவி முத்துப்பேச்சி நினைத்தாள். அவர் ஒயர் நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே அது என்ன இரும்பு என்று சொல்லுவார். நின்றதும் எழுந்து போய் இரும்பின் அறுந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவுவார். முப்பது வருடக் கல்யாணத்தில் அந்த விரல் அவளை அப்படித் தடவியதில்லை. வேண்டிய இரும்பு தீர்ந்ததும் வேண்டாத இரும்பை அறுத்தார். ரயில் தண்டவாளமும் லாரி ஆக்சிலும் பிஸ்கட் பிஸ்கட்டாகக் கொட்டகை ஜன்னலில் அடுக்கிக் கிடந்தன. மிஷினை வேறு யாரும் தொடக் கூடாது. முத்துப்பேச்சி கூட்டும்போது விளக்குமாறுகூட அதன் காலில் படாமல் பார்த்துக்கொள்வாள்.

கான்சாபுரத்துச் சங்கதிக்குப் பிறகு சனங்கள் வரத் தொடங்கினார்கள். சாதாரண இரும்பை அறுத்தால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு பேர் தமக்கென்று வைத்திருந்த இரும்பாக இருந்தால் மட்டும் அந்த இரண்டு பேரும் பிறகு தொட்டுக்கொள்ள முடியாது. சாமான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குப் போகவேண்டுமானால் முதல் கை விட்ட பிறகுதான் போய்ச் சேரும். மாமியார்கள் மருமகள் சீராகக் கொண்டுவந்த இரும்புக் கட்டிலின் காலை எடுத்து வந்தார்கள். பங்காளிகள் ஏர்க்கொழுவை எடுத்து வந்தார்கள். சோலைச்சாமி எதற்கென்று கேட்பதில்லை. இரும்பைத் தட்டிப் பார்ப்பார், வைஸில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். ஒரே ஒரு தடவை முடியாது என்று சொன்னார். மில்லில் நூல் சுற்றும் பெத்தம்மாள், புருஷன் தன்னை அடிக்கிற கம்பியைச் சேலைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தாள்.

"இது ரெண்டு பேருக்கும் பொதுதான் அண்ணாச்சி. அவிய கையிலயும் இருக்கும், எம் முதுகுலயும் இருக்கும்" என்றாள்.

சோலைச்சாமி சிரித்தார். "அவன் வந்து கேட்டாம்னா அறுத்துத் தாரேன். போ."

அவள் கம்பியைத் திரும்பச் சேலைக்குள் செருகிக்கொண்டு போனாள். முத்துப்பேச்சி அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. அந்த வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு.

அவர்களுக்கு ஒரே மகள், செல்லத்தாய். 1989-இல் அவள் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஓட்டிய ஐயாதுரையோடு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். செய்தியைக் கொண்டு வந்தவர் பீரோ பட்டறை வைத்திருந்த ஹுமாயூன். பட்டறைக்கு வேண்டிய கம்பியெல்லாம் சோலைச்சாமியிடம்தான் அறுப்பார். சோலைச்சாமி சத்தம் போடுவார், அரிவாளை எடுப்பார் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றார். சோலைச்சாமி அவருக்கு டீ கொடுக்கச் சொன்னார். பிறகு ஏணி வைத்து பரணில் ஏறி, பழைய சேலையில் சுற்றியிருந்த தொட்டில் கம்பியை எடுத்து வந்தார். செல்லத்தாய் அதில்தான் ஆடினாள். அவள் பிள்ளைக்கென்று முத்துப்பேச்சி ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை இறக்கித் தேங்காய் எண்ணெய் தடவி ஏற்றி வைப்பாள்.

"எதுக்கு அத எடுக்கிய?" என்றாள்.

"பாத்துக்கிட்டு இரு."

"அண்ணாச்சி, அது தொட்டில் கம்பில்லா" என்றார் ஹுமாயூன். "வேண்டாம். எம் பட்டறையில கெடக்குற அம்புட்டு இரும்பையும் கொண்டாந்து தாரேன், அத அறுங்க."

"டீ ஆறுது பாய்."

சின்னக் கம்பிதான். ஆனால் சோலைச்சாமி மேல்கை இறங்கும் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். மிஷினை நிறுத்தும் சுவிட்சு முத்துப்பேச்சியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, சிவப்பாக, எலந்தைப்பழம் அளவில். அதைத் தொடக் கூடாது என்பது அவள் கைக்கு அத்தனை பழகியிருந்தது. அவள் நின்றாள். பிளேடு பாதிக்கு வந்தது, பாதியைத் தாண்டியது, கூலண்ட் சொட்டியது. துண்டு தட்டில் விழுந்தது. மிஷின் தானே நின்றது. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அவர் அறுத்தது அல்ல, அந்தச் சிவப்புச் சுவிட்சு.

அடுத்த வருடம் மகள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியவர் சோலைச்சாமியேதான். ஊரில் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். செல்லத்தாய் ஏழாவது மாதத்தில் வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள். கை சுற்றி வளைத்தது, வளையல்கள் ஒன்றோடொன்று மோதின, அம்மாவின் சேலை நூல்கூட மேலே படவில்லை. சோலைச்சாமி கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதற்காகத்தான் வரச் சொல்லியிருந்தார்.

மகளுக்கு விஷயம் தெரிய செத்த நேரம் ஆனது. பிறகு அவள் அழாமல், "எம்புட்டு இருக்கும்மா, ஒரு தாள் கனம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

இடுப்புவலி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸம்மா முத்துப்பேச்சியை அதட்டினாள். "பெத்தவதானே நீ? கையப் பிடி. சும்மா பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்க?" முத்துப்பேச்சி பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்தத் தாள் கனத்துக்கு இந்தப் பக்கம். மகள் வலியில் இறுக்கியது காற்றைத்தான். நகம் உள்ளங்கையைக் கிழித்து, மகள் கையிலேயே ரத்தம் வந்தது. பிறந்தது பெண். அதைத் தூக்க முடிந்தது. அதற்கும் முத்துப்பேச்சிக்கும் நடுவில் யாரும் எதையும் அறுக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் முடிந்து மகளை ஐயாதுரை கூட்டிப்போன மறுநாள், காலை மில் சங்கு ஊதிய பிறகு, முத்துப்பேச்சி டீ போட்டு சோலைச்சாமியிடம் கொடுத்தாள். அவர் கொட்டகை வாசலில் மிஷினுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கொட்டகைக்குள் போய், மேல்கையைத் தூக்கி இறக்கும் கைப்பிடியை மறையைத் திருகிக் கழற்றி எடுத்தாள். ஏழு வருடம் அவர் உள்ளங்கை பட்டுப்பட்டு அது வெள்ளி மாதிரி மின்னியது. அதை வைஸில் வைத்து, அவர் இறுக்குகிற மாதிரியே இறுக்கி, சுவிட்சைப் போட்டு, மேல்கையை இரண்டு கையாலும் தாங்கி இறக்கி வைத்தாள்.

"ஏட்டி, யாரு மிஷினுல?" என்றார் அவர். எழுந்துவிடத்தான் போனார். ஆனால் பிளேடு அதற்குள் இரும்பில் இறங்கி, அந்தச் சத்தம் வந்துவிட்டது. இதுவரை அவர் கேட்காத சத்தம். அவர் கண் தானாக மூடிக்கொண்டது.

"நல்ல ஸ்டீலு இது" என்றார். "லாரி ஆக்சிலா?"

"இல்ல."

"ஹுமாயூன் கொண்டாந்தானா?"

"இல்ல."

"தெரிஞ்ச இரும்பாத்தான் இருக்கு. ஆனா பிடிபட மாட்டேங்கே. சொல்லு, என்னது?"

"பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் கண்ணைத் திறந்தபோது துண்டு விழுந்தது. மிஷின் தானே நின்றது. அவர் ஓடிவந்து மேல்கையைப் பிடித்தார். உள்ளங்கை ஒரு தாள் கனம் முன்னால் நின்றது. துணியைச் சுற்றிப் பிடித்தார், கம்பால் குத்தினார், கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். மகள் வாசலில் வளையல் மோத நின்றது போலவே அவர் நின்றார். முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டே, அறுந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அது சூடாக, வழவழவென்று இருந்தது. நன்றாகவும் இருந்தது. அது நன்றாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஹுமாயூன் புதுக் கைப்பிடி செய்து தந்தார். "இனி மதினிதான் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுக் கம்பியை இறக்கினார். சிரிக்கலாமா என்று சோலைச்சாமியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பெத்தம்மாளுக்கு ஆள் அனுப்பினாள் முத்துப்பேச்சி. ஆனால் அந்தக் கம்பியால் அடிபட்டே முந்தின வைகாசியில் அவள் செத்துப்போயிருந்தாள். அதன் பிறகு முத்துப்பேச்சி யார் எந்த இரும்பைக் கொண்டுவந்தாலும் எதற்கென்று கேட்பதில்லை.

1997 தீபாவளிக்கு செல்லத்தாய் பிள்ளையோடு வந்தாள். முத்துப்பேச்சி மகளை மணையில் உட்கார வைத்து, கிண்ணத்தை உயரத் தூக்கி எண்ணெயை உச்சியில் ஊற்றினாள். மகள் தானே தேய்த்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் எடதுபக்கம் ஊத்தும்மா" என்றாள். கொட்டகையில் சோலைச்சாமி நாற்காலியை மிஷினுக்கு ஒட்டிப் போட்டு, மேல்கைக்கு மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் கைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்த்தாள். அது சரியாகப் போய் அந்தப் பக்கம் வந்தது. முத்துப்பேச்சி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரைச் செத்த நகரச் சொல்லிவிட்டு, ஹுமாயூனின் கம்பியை வைஸில் இறுக்கினாள்.