நாலு நிமிஷக் கருந்துளை

துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்த லியோனார்ட், எழுபத்தாறாம் வருஷம் ராயபுரத்து மொட்டை மாடியில் கம்பி கட்டி, ரேடியோவில் ஒரு கருந்துளையைத் தேடினார். பெரிதுமில்லாமல் சிறிதுமில்லாமல் நடுத்தர எடையில் ஒன்று. அதுவரை உலகில் யாரும் பிடிக்காதது. வானத்துச் சத்தம் என்றால் தினமும் முந்தின நாளைவிட நாலு நிமிஷம் முன்னதாக வரும் என்று மைத்துனன் பிலவேந்திரனுக்கு விளக்கினார். பக்கத்து ஐஸ் ஃபாக்டரியில் ஐஸ் உடைக்கும் மிஷினை ஓட்டும் அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு கரகரப்பு வந்தது. சனிக்கிழமை வரை தினமும் சரியாக நாலு நிமிஷம் முன்னதாகவே வந்தது. லியோனார்ட் விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் லியோனார்டும் மனைவி டோரதியும் பிலவேந்திரனும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு அந்த சத்தம் வரவே இல்ல" என்றார் லியோனார்ட்.

"ஐஸ் ஃபாக்டரியும்தான் லீவு" என்றாள் டோரதி. "நட்சத்திரம்கூட பூசைக்குப் போய்கீது போல."

பிலவேந்திரன் மிகுந்த கவனத்தோடு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். லியோனார்ட் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து அவன் தட்டுக்கு அடியில் சொருகினார்.

"நாளிக்கு எட்டு நிமிஷம் முன்னாடி மிஷினப் போடு மாப்ள. இன்னிக்கு நாலு நிமிஷம் பாக்கி கீது."