மேலில் வைத்துக் காட்டாதே

"வெயார் இஸ் த பெயின்?" என்று தனுஷா கேட்டாள்.

ஞானேஸ்வரி பக்கத்துக் கதிரையின் முதுகைத் தொட்டு, "ஹியர்," என்றாள்.

"அன்ரி, கதிரைக்கு என்ன நோ? அதுக்கு ரெண்டு ஆணி அடிச்சாச் சுகம் வந்திடும். உங்கட முதுகைத் தொடுங்கோ."

"சொல் சரிதானே? தொட்டால் என்ன, தொடாட்டில் என்ன?"

"எனக்குச் சரி. சனிக்கிழமை சோதிக்கிற ஆளுக்குச் சரிவரவேணுமே."

முரசுமோட்டை வாசிகசாலையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தகரக் கூரையில் பின்னேர வெயில் பொரிந்துகொண்டிருந்தது. வயலுக்குப் போய்வந்த கையோடு, கால் சேறு காயாமலே வந்திருந்த பெண்கள் சோடி சோடியாக முகம் பார்த்து இருந்தார்கள். வவுனியாவில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறக்கப் போகிறது. பராமரிக்கப் பெண்கள் வேண்டும். வைத்தியம் பார்க்க வெளிநாட்டு டொக்டர்மார் வருவார்களாம். அதனால் நோயாளிக்கு எங்கே நோகிறது என்று இங்கிலீசில் கேட்கவும் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டுமாம். சோடியாக வந்து பேசிக் காட்ட வேண்டும், சோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருத்தி விழுந்தால் மற்றவளும் விழுந்தாள்.

அதற்குத்தான் தாட்சாயினி ரீச்சர் இந்த விளையாட்டைப் பழக்கினா. ஒருத்தி நோயாளி, ஒருத்தி நேர்ஸ். நோயாளி படம் போட்ட சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். முழங்கால் வந்தால் தன் முழங்காலைத் தொட்டு, "மை நீ" என்று சொல்ல வேண்டும். நேர்ஸ் "யுவர் நீ" என்று திருப்பிச் சொல்லி, எப்போதிருந்து என்று கேட்க வேண்டும். "சின்ஸ் யெஸ்ரடே" என்று நோயாளி சொல்ல, டொக்டரைக் கூப்பிடுகிறேன் என்று நேர்ஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. பிறகு இவள் அவள், அவள் இவள்.

"ஞானமக்கா, ஏன் தொடுறியள் இல்லை?" ரீச்சர் கிட்ட வந்து கேட்டா.

"ரீச்சர், நோவையும் காயத்தையும் தன்ர மேலில, தன்ர உடம்பில வச்சுக் காட்டப்படாது. உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும். எங்கட வீட்டிலயும் அம்மா பேசுவா. ஆனா இது ஆருக்கும் பட்ட காயமில்லையே. வெறும் சீட்டு."

"சீட்டுத்தான். ஆனா நோ எண்டெல்லே சொல்லச் சொல்லுறியள்."

மூலையில் இருந்த ராக்காயி விடுவாளா? எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிபட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. ஊர்க் கதை எதுவும் அவள் வாய் படாமல் போகாது. "ஏம்மா ஞானம், வெறும் கதிரையப் பாத்துச் சம்பளம் தருவாங்கன்னா எங்க ஊட்டுலயும் நாலு கெடக்கு. அனுப்பி வைக்கட்டா?"

மறுபடியும் சிரிப்பு. ஞானேஸ்வரியும் சிரித்தாள். கதிர் அறுத்து அருவி வெட்டும் மெசின் வந்த பிறகு வயலில் பெண்களுக்கு மிஞ்சியது களை பிடுங்கும் வேலை ஒன்றுதான். தனியாள், நாற்பது தாண்டியவள், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனவள். இந்த வேலை அவளுக்கு வேண்டும். தனுஷாவுக்கு அதைவிட வேண்டும். படுக்கையில் விழுந்த தகப்பனைத் தூக்கி இருத்தி, துடைத்து, ஊட்டிப் பழகிய கை அவளுடையது. அந்தக் கைக்கு ஒரு சம்பளம் வரட்டும் என்று பெட்டை நாளெண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரி அன்ரி, இப்ப நான் நோயாளி," என்று தனுஷா ஒரு சீட்டை உருவினாள். பார்த்தாள். வலது கையைத் தூக்கி இடது காதுக்குக் கீழே கழுத்தில் வைத்தாள். மூன்று விரல் சேர்ந்து, பெருவிரல் மட்டும் விலகி நின்றது.

"மை நெக்."

ஞானேஸ்வரி அந்த விரல்களையே பார்த்தபடி இருந்தாள்.

"கேளுங்கோ அன்ரி. வெயார் இஸ் த..."

"கையை எடு."

"என்ன?"

"கையை எடு பிள்ளை. எடுத்து ஊது. விரலை ஊதிவிடு."

பெட்டை பயந்துபோய் ஊதினாள். ஞானேஸ்வரி சுற்றிவரப் பார்த்தாள். ராக்காயிக்கும் அதே சீட்டுத்தான் வந்திருந்தது. அவள் தொண்டைக்குழியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அங்கால் ஒருத்தி பிடரியைத் தொட்டாள். காதுக்குக் கீழே யாரும் தொடவில்லை.

வகுப்பு முடிந்து இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு முல்லைத்தீவு றோட்டால் நடந்தார்கள். இரண்டு பக்கமும் வயல். கொக்குகள்.

"அன்ரி, நான் ஏதும் பிழை விட்டனானோ?"

"இல்லை. நீ ஏன் அதில தொட்டனி?"

"எதில?"

"காதுக்குக் கீழ. கழுத்தெண்டால் எல்லாரும் முன்னுக்குத் தொடுறாளவை, இல்லாட்டில் பின்னுக்கு. நீ ஏன் அதில?"

தனுஷா யோசித்தாள். "தெரியாது. கை தானாய் அங்கதான் போகுது."

ஞானேஸ்வரி சைக்கிளை மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள், றோட்டைப் பார்த்தபடி.

"கடைசிச் சண்டையில மாத்தளனில தறப்பாள் கட்டி அதுக்குக் கீழ இருந்தனாங்கள். பக்கத்துத் தறப்பாள் வீரபாகு அண்ணை செல்லடியில செத்துப்போனார் எண்டு எங்கட இவர்தான் வந்து சொன்னவர். எதில பட்டது எண்டு கேட்டன். இதில எண்டு தன்ர கழுத்தில வச்சுக் காட்டினார். இடது காதுக்குக் கீழ. வலது கையால, மூண்டு விரல் சேத்து, பெருவிரல் விலத்தி. 'உங்கட மேலில வச்சுக் காட்டாதேங்கோ, ஊதிவிடுங்கோ' எண்டன். சிரிச்சார். 'ஊதினால் செல் திரும்பிப் போயிடுமோ ஞானம்' எண்டார்."

"பிறகு?"

"விடியக் கஞ்சிக்கு வரிசையில நிக்கப் போனவர்."

தனுஷா சைக்கிளை நிறுத்திவிட்டாள். "அதே இடத்திலயோ?"

"அதே இடம். வேற ஒரு கீறல் இல்லை மேலில."

"சுதாகரன் அங்கிளை நான் கண்டதுகூட இல்லையே அன்ரி."

"நீ எப்பிடிக் காணுவாய்? அப்ப நீ தவழுற பிள்ளை."

பெட்டை தன் வலது கையை விரித்துப் பார்த்தாள், யாரோ தந்துவிட்டுப் போன சாமான் மாதிரி. பிறகு அதைச் சைக்கிள் கைபிடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தனுஷா கழுத்தைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு வந்தாள். தைல மணம் வாசிகசாலை முழுக்க அடித்தது.

"என்ன பிள்ளை இது?"

"பிடிச்சிட்டுது அன்ரி. தலாணி பிழைச்சுப்போச்சு. ஒண்டுமில்லை."

"எந்தப் பக்கம்?"

தனுஷா திரும்பிப் பார்க்க முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். இடது பக்கம்.

அன்று ஞானேஸ்வரி கதிரையையும் தொடவில்லை. சீட்டும் எடுக்கவில்லை. ரீச்சர் பார்த்துவிட்டு அடுத்த சோடியிடம் போனா. வகுப்பு முடிய, தண்ணீர்ப் பைப்படியில் ஞானேஸ்வரி ராக்காயியைப் பிடித்தாள்.

"அக்கா, சனிக்கிழமை நான் வரேல்லை. நீங்கள் தனுஷாவோட சோடி சேருங்கோ."

"ஏன், எஞ்சோடிய நான் எங்க கொண்டு போடுறது? அவ மட்டும் என்ன பாவம் செஞ்சா?" ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "நீ போகலைன்னா அந்தப் புள்ளையும் போக முடியாது. தெரியுமில்ல?"

"போனால் அவள் திரும்பத் தொடுவாள்."

"தொட்டா என்னா? எங்க ஊட்டுலயும் இந்தப் பழக்கம் இருக்கு. தொட்ட கையத் தரையில ஒரு தட்டுத் தட்டணும். மண்ணு வாங்கிக்கும்."

"மாத்தளனில மண்ணிலதானே அக்கா நாங்கள் குந்தியிருந்தனாங்கள்," என்றாள் ஞானேஸ்வரி. "அது வாங்கேல்லையே."

ராக்காயி பைப்பைப் பூட்ட மறந்து நின்றாள். பிறகு, "அப்ப ஒண்ணு செய்," என்றாள். "நீ நோயாளியா இரு. அவ நேர்ஸா இருக்கட்டும். நேர்ஸு தன்னைத் தொட வேண்டியதில்லையே."

"மாறி மாறியெல்லே கேப்பினம்."

"கேட்டாக் கேக்கட்டும். கழுத்துச் சீட்டு ஒண்ணுதானே? வேற சீட்டு வந்தா அவ தொட்டுட்டுப் போறா."

அந்த யோசனையோடுதான் ஞானேஸ்வரி சனிக்கிழமை தனுஷாவோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள்.

புதுக் கட்டடம். பெயின்ற் மணம் போகவில்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் தலை நரைத்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி. பக்கத்தில் பெயர் கூப்பிடுகிற தமிழ்ப் பெண். மேசையில் சீட்டுகள் கவிழ்த்துக் கிடந்தன. ரீச்சர் செய்த சீட்டுகள் போலத்தான், பளபளப்புக் கொஞ்சம் கூட.

"ஆர் முதல் பேஷன்ற்?" என்று கேட்டுவிட்டு, ஞானேஸ்வரி வாய் திறக்குமுன் அந்தப் பெண் தனுஷாவைக் காட்டினாள். "தங்கச்சி, நீங்கள் எடுங்கோ."

தனுஷா எடுத்தாள். திருப்பினாள். தலையும் தோளும் மங்கலாக, நடுவில் கழுத்து மட்டும் சிவப்பாக வரைந்திருந்தது.

பெட்டையின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. அவள் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கையை அல்ல. கை தன் பாட்டில் எழும்பியது. மூன்று விரல் சேர்ந்து, பெருவிரல் விலகி.

ஞானேஸ்வரி அந்த மணிக்கட்டைப் பிடித்து மடியில் அமத்தினாள். மற்றக் கையால் சீட்டைப் பறித்தாள்.

"நோ," என்றாள். "ஐ பேஷன்ற். ஷீ நேர்ஸ்."

"அம்மா, அது அவவின்ர சீட்டு. உங்கட முறை பிறகு வரும்."

"ஐ பேஷன்ற்."

வெள்ளைக்காரம்மா பேனையை உயர்த்தி, விடு என்பது போல ஆட்டினா.

மாத்தளனுக்குப் பிறகு ஞானேஸ்வரி தன் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டதில்லை. முழுகும்போதும் சவர்க்காரம் அதைச் சுற்றித்தான் போகும். இப்போது வலது கையைத் தூக்கி இடது காதுக்குக் கீழே வைத்தாள். குளிர்ந்தது. வெளியே வவுனியா வெயில் நெருப்பாய் எரிய, அந்த நாலு விரல் இடம் மட்டும் கிணற்றுக்கட்டு மாதிரிக் குளிர்ந்தது. விரல்கள் தேடவில்லை, ஏற்கெனவே யாரோ வைத்திருந்த அச்சில் போய்ப் பொருந்தின.

"வெயார் இஸ் த பெயின்?" என்று தனுஷா கேட்டாள்.

"ஹியர். மை நெக்."

"யுவர் நெக். சின்ஸ் வென்?"

சின்ஸ் யெஸ்ரடே என்று சொல்ல வேண்டும். நூறு தரம் சொல்லிப் பழகியது. "சின்ஸ் மோர்னிங்," என்றாள் ஞானேஸ்வரி.

வெள்ளைக்காரம்மா தலையைச் சரித்தா. "திஸ் மோர்னிங்?"

"நோ. வன் மோர்னிங்."

பேனை எழுதாமல் நின்றது. தனுஷா பாடமாக்கிய அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். "ஐ வில் கோல் த டொக்டர்."

"நோ டொக்டர்," என்றாள் ஞானேஸ்வரி. "தெயார், நோ டொக்டர்."

தமிழ்ப் பெண் சிரித்தாள். "நல்லாய் நடிக்கிறியள் அக்கா." வெள்ளைக்காரம்மா சிரிக்கவில்லை. மற்றச் சீட்டுகளை ஒன்றாய் அடுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு, தாளில் இரண்டு பேருக்கும் ஒரே கோடாக ஏதோ எழுதினா. வாற மாதம் வேலைக்கு வரச் சொல்லி அந்தப் பெண் வாசல் வரை வந்து சொன்னாள்.

வெளியே வேப்ப மர நிழலுக்கு வந்ததும் தனுஷா கையைப் பிடித்தாள். "அன்ரி, நீங்கள் ஊதேல்லை."

"ஓம்."

"ஊதுங்கோ. கெதியாய் ஊதுங்கோ அன்ரி. இல்லாட்டில் தரையில தட்டுங்கோ, ராக்காயி அக்கா சொன்ன மாதிரி."

"ஊதினால் அது எங்க போகும்?"

"எங்கயும் போகட்டும்."

"எங்கயும் எண்டு ஒரு இடமில்லைப் பிள்ளை. ஒரு மேல்தான் வேணும் அதுக்கு. வீரபாகு அண்ணையில இருந்து இவருக்கு வந்தது. உனக்கு வரப் பாத்தது. இப்ப என்னட்டக் கிடக்கட்டும். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும்."

தனுஷா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கச்சான் கடலை விற்கிறவனைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிவிட்ட பிறகுதான் தெரிந்தது அவளுக்கு. இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். "அன்ரி, பிடிப்பு விட்டிட்டுது."

"ம்."

"உங்களுக்கு ஏதும்...?"

"கச்சான் வாங்கு. பசிக்குது."

பரந்தனுக்குப் போகும் பஸ்ஸில் யன்னல் பக்கம் ஞானேஸ்வரி இருந்தாள். மாங்குளம் தாண்டும்வரை தனுஷா வாய் ஓயாமல் கதைத்தாள்: அப்பாவைப் பகலில் யார் பார்ப்பது, சீருடை என்ன நிறமாக இருக்கும், முதல் சம்பளத்தில் அவருக்குச் சில்லு வைத்த கதிரை வாங்கலாமோ. பிறகு கச்சான் கோதுப் பையை மடியில் வைத்தபடி ஞானேஸ்வரியின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். சாய்ந்த தலை அந்தக் குளிர்ந்த இடத்துக்குக் கிட்டத்தான் கிடந்தது. ஞானேஸ்வரி கழுத்தை அங்கால் திருப்பி வைத்துக்கொண்டாள்.

யன்னலில் காடு போனது, வெளி போனது, கண்ணிவெடி எடுத்து முடித்த காணிகள் போயின. கழுத்தில் குளிர் அப்படியே இருந்தது. நோகவில்லை. வந்து இருந்தது, அவ்வளவுதான், தெரிந்த ஆள் கதிரையில் வந்து இருக்கிற மாதிரி.

"இனிப் போதும்," என்று வாய்க்குள் சொன்னாள். "இதோட இருங்கோ."

கிளிநொச்சி தெரியத் தொடங்கியபோது பக்கத்து மடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். தனுஷா நல்ல நித்திரை. வாய் சற்றுத் திறந்து, மூச்சு ஒரே சீராக வந்தது. அவளுடைய வலது கை மட்டும் கச்சான் பையை விட்டு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று விரல் சேர்ந்து, பெருவிரல் விலகி.

ஞானேஸ்வரி அதைப் பிடித்தாள். பெட்டையின் கைக்கு இருக்கக்கூடிய பலமல்ல அது. களை பிடுங்கிக் காய்த்த தன் இரண்டு கையாலும் பிடித்து, மடியில் அமத்தி வைத்துக்கொண்டாள்.

"ரிக்கற், ரிக்கற்," என்று வந்த கொண்டக்டர் பார்த்துவிட்டு, "மகளோ அம்மா? பரந்தனில எழுப்பவோ?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி," என்றாள். "நான் பிடிச்சிருக்கிறன்."