இடது பக்கத்து ஆள்

"நீ இறங்கிக்கோ குளோரி" என்றார் சில்வெஸ்டர். பீன்யாவில் ஒரு பம்பு கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் விடியற்காலையிலிருந்து வரிசையில் கிடந்து, ஒருவழியாக எங்கள் லாரி முதலாவதாக வந்திருந்த நேரம் அது. நான் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தேன். செக்யூரிட்டி கேட்டைத் திறக்கவில்லை. போன வாரம் உள்ளே ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரி சுவரை இடித்துவிட்டதாம். இனிமேல் கிளீனர் இல்லாத வண்டிக்கு அனுமதி இல்லையாம். குடும்பத்து ஆட்களுக்கும் கிடையாதாம்.

"கிளீனர் எல்லி?" என்று செக்யூரிட்டி கன்னடத்தில் கேட்டான், கிளீனர் எங்கே என்று. அவன் கண்ணுக்கு நேராகத்தான் நான் இருந்தேன், விரல் இடுக்கெல்லாம் கிரீஸோடு.

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"இவ நம்ம ஹெண்ட்தி சார். சும்மா ஊர் பாக்க வந்திருக்கா. கிளீனர் டீ குடிக்கப் போயிருக்கான், தோ கூட்டினு வந்துடறேன்."

ஊர் பார்க்க வந்த பெண்டாட்டி! எட்டு மாதமாக நான் பார்த்த ஊரெல்லாம் டோல்கேட்டும் பஞ்சர் கடையும் பெட்ரோல் பங்கின் பின்சுவரும்தான். கடைசியாக இருந்த கிளீனர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், ராத்திரி வீட்டில் படுக்கலாமே. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. "பின்னாடி கேமரா மாட்டிக் குடுத்துட்டேன், கிளீனர் எதுக்கு?" என்றார் முதலாளி. அந்தக் கேமரா முதல் மழையிலேயே கண்ணை மூடிக்கொண்டது. ஒருநாள் ஓசூர் பக்கம் இடது கண்ணாடியில் தெரியாமல் ஒரு பைக்காரன் சக்கரத்துக்கு அடியில் போய்விட இருந்தான். அன்றைக்கு விவேக் நகர் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம், "நான் வரேங்க" என்று சொன்னவள் நான். தையல் கடை வேலையை விட்டுவிட்டு வந்தேன். தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, இடது பக்கம் முழுக்கப் பார்த்துச் சொல்வது எல்லாம் என் வேலை.

இதில் ஒன்றையாவது அவர் வெளியில் சொல்லியிருக்கிறாரா? பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு மௌரீன் அக்காவிடம், "வீட்டுல தனியா இருக்கப் பயப்படறா, அதான் கூட இட்டுனு போறேன்" என்கிறார். பயந்தது யார்? பக்கத்தில் இன்னொரு லாரி வந்து நின்றால் போதும், என் கையிலிருக்கிற கயிறு அவர் கைக்குப் போய்விடும். வண்டி எங்கே நின்றாலும் முதலாளியின் போனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏன் நின்றது என்று உடனே கேட்பார். நான் ஒதுங்கிவிட்டு வருவதற்குத்தான் நின்றிருக்கும். இவர் "டயர் பாத்தேன் சார்" என்பார். நான் மூத்திரம் போவதுகூட டயர் கணக்கில் போகிறது.

டீக்கடையிலிருந்து ஓர் ஆளோடு திரும்பினார். வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்தவனாம். இஸ்திரி போட்ட சட்டை. லாரிக் கதவின் கைப்பிடியை எந்தப் பக்கம் இழுப்பது என்றுகூடத் தெரியவில்லை, நான்தான் உள்ளேயிருந்து திறந்துவிட்டேன். நான் இறங்க, என் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். என் கையுறையை அவனிடம் எடுத்துக் கொடுத்தார் சில்வெஸ்டர். ஆண்டவரே, அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் துடைத்த அந்தக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும்.

"கோவிச்சுக்காத" என்றார் மெதுவாக. "கிளீனர்னு உன்ன சொன்னா சிரிப்பானுங்க."

"யாரைப் பாத்து? என்னயா, உங்களயா?"

அவர் கியரைப் போட்டார். கேட் திறந்தது. புத்தம் புதுக் கிளீனரோடு லாரி உள்ளே போயிற்று.

நான் டீக்கடைக்குப் போகவில்லை. கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இடம் எப்படி என்று எனக்குத் தெரியும், போன மாதம் வந்திருக்கிறோம். சரக்கு இறக்கும் மேடைக்கு வளைந்து பின்னால் போகவேண்டும். இடது பக்கம் ஒரு தூண். டிரைவர் சீட்டிலிருந்து அது கண்ணில் படவே படாது. இடித்தால் இந்தக் கம்பெனி அதோடு சரி, முதலாளி இவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ரிவர்ஸ் மணி கேட்டது. "பர்லி, பர்லி" என்று அந்த ஆள் கத்தினான். வரட்டும் என்று சொல்லத் தெரிகிறது. எங்கே நிறுத்தச் சொல்வது என்று தெரியவேண்டாமா? மணி நின்றது. லாரி முன்னால் போகிற சத்தம். மறுபடி மணி, மறுபடி பர்லி. மூன்றாவது முறைக்குப் பிறகு மணியும் இல்லை, குரலும் இல்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

செக்யூரிட்டி கேட்டைப் பாதி திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, ஒளகே பன்னி, உள்ள வாங்க. வண்டி நடுவுல நிக்குது. அந்த ஆளு சொன்னா எடுக்க மாட்டேன்றார் டிரைவர். உங்கள கூப்பிடறார்."

எனக்கு எழுந்து ஓடத்தான் தோன்றியது. பின் சக்கரமும் தூணும் கண்ணுக்குள் நின்றன. காலைத் தரையில் ஊன்றியும்விட்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்னான்னு சொல்லிக் கூப்பிட்டாரு?"

"ஏனு? என்ன?"

"உங்ககிட்ட என்னன்னு சொன்னாரு? ஹெண்ட்தின்னா, கிளீனர்னா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவள வரச் சொல்லுன்னார்."

"அவளன்னா யாரு? ஹெண்ட்திய உள்ள வுட மாட்டோம்னு நீங்கதான சார் சொன்னீங்க. போய்க் கேட்டுனு வாங்க. அவர் வாயால சொல்லட்டும். சத்தமா சொல்லச் சொல்லுங்க, எனக்கு இங்க கேக்கணும்."

அவன் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேட்டைச் சாத்தாமலே உள்ளே ஓடினான். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்கள். உள்ளே எங்கள் லாரியின் எஞ்சின் நின்றது. இனி அவர் வாயைத் திறந்தால் இங்கே கேட்கும்.