மற்றடோர் பார்க்க வந்தவர்கள்

சனிக்கிழமை என்றால் விமலாவுக்கு இரண்டு வேலை. காலை ஆறரைக்கு முதியோர் இல்லம். இரண்டரைக்கு வீடு வந்து சேர்ந்தால் கார் பார்க்க வருகிறவர்கள். முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்குத் தேத்தண்ணீர்ச் செலவுதான் மிச்சம். இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்ததில்லை.

மெல்பேர்ன் நோபல் பார்க்கில் அவர்களுடைய கராஜில் நிற்பது 1974ஆம் ஆண்டு மற்றடோர். அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை மெல்பேர்னில் வைத்துப் பூட்டி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி விற்ற கார். அமெரிக்கர் கணக்கில் இது நடுத்தர அளவாம். அந்த நடுத்தரம் உள்ளே வந்து நின்றால் கராஜ் கதவை இறக்க நாலு விரல் இடம்தான் மிஞ்சும். விமலாவின் கணவன் சிறி இதை வாங்கிய காலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத சாமான். முன் சீற்றிலேயே மூன்று பேர் இருக்கலாம் என்பதைத் தவிர வாங்குவதற்கு அவனுக்கும் வேறு காரணம் இருக்கவில்லை. சனம் கப்பல் என்று பகிடி பண்ணியது. கலியாணவீடு வந்தால் அதே சனம்தான் முதலில் வந்து ஏறியது.

இப்போது நிலைமை தலைகீழ். பழைய அமெரிக்கக் கார்ப் பைத்தியங்கள் எல்லாம் இரண்டு கதவு வைத்து உறுமுகிற கார்களின் பின்னால் ஓடி, அவற்றின் விலையைக் கூரைக்கு ஏற்றி விட்டார்கள். பிந்தி வந்த பைத்தியங்களுக்கு எழுபதுகளின் நாலு கதவுக் குடும்பக் கார்கள்தான் கைக்கு எட்டின. அவற்றையும் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். சிட்னியில் இருக்கும் மகள் சயந்தினி முகநூலில் அப்படிப்பட்டவர்களின் குழு ஒன்றில் மற்றடோரின் படங்கள் நாலைப் போட்டாள். அன்று தொடங்கிய தொலைபேசி இன்னும் ஓயவில்லை.

விற்கத்தான் போட்டார்கள், அதில் பொய் இல்லை. சிறிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. வலக்காலை இழுத்து இழுத்து நடப்பான். பேச்சு மட்டும் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் ஓம், இல்லை. அவ்வளவுதான். முன்பு நாலு பேர் கூடிய இடத்தில் மற்றவர்களை வாய் திறக்க விடாத மனிதன் அவன்.

பெப்ரவரியில் முதல் ஆள் வந்தான். பொனற்றைத் திறந்து பார்த்து, என்ன எஞ்சின் என்று பொதுவாகக் கேட்டான். கராஜ் வாசலில் கதிரையில் இருந்த சிறி, முகம் சிவக்க வாயைக் கோணி, "திறீ... சிக்ஸ்ரி" என்றான். முந்நூற்றறுபது, எஞ்சினின் அளவு. குசினி யன்னலருகே அரிசி கழுவிக்கொண்டிருந்த விமலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடத்தில் ஓம், இல்லை தவிர அவன் வாயில் வந்த முதல் சொல் அது. வந்தவன் கேட்ட விலைக்குச் சம்மதித்தபோது, மன்னிக்க வேண்டும், இன்று அட்டமி, எங்கள் வழக்கப்படி இன்று ஒன்றையும் கைமாற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

விமலாவுக்கும் பஞ்சாங்கத்துக்கும் அவ்வளவு ஒட்டு உறவு கிடையாது. பலசரக்குக் கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி குசினிச் சுவரில் தொங்கியது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அது போல உதவிய பொருள் அந்த வீட்டில் இல்லை. அடுத்தவனுக்கு நவமி. அதற்கடுத்தவனுக்குக் கரிநாள். நாளில் பிழை பிடிக்க முடியாதபோது சிறியின் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம். வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் பயபக்தியோடு கேட்டார்கள். வேறொருவருடைய பண்பாட்டில் மூக்கை நுழைக்க அவர்களுக்குப் பயம். தலையாட்டிவிட்டுப் போனார்கள், ஆசை விடாதவர்கள் திரும்பியும் வந்தார்கள்.

வாரத்துக்கு ஒருவராவது வந்து சிறியைக் கேள்வி கேட்டார். வாரத்துக்கு நாலு சொல்லாவது அவன் வாயிலிருந்து வெளியே வந்தது. எத்தனை மைல் ஓடியது, வண்ணம் மாற்றியதுண்டா, கியர்பெட்டி பழையதுதானா. ஓகஸ்டில் அவன் முழு வசனம் சொன்னான். பேச்சுப் பயிற்சி தருகிற பெண், வீட்டில் என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்றாள். கார் போனால் பேச்சும் போய்விடும் என்பது விமலாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. கார் விற்ற காசு வந்தால் சனிக்கிழமை வேலையை விடலாம் என்று தொடக்கத்தில் சிறிக்கும் தெரியப் போட்ட திட்டத்தை அவள் கைவிட்டாள். இதை அவள் மகளிடமும் சொல்லவில்லை, சிறியிடமும் சொல்லவில்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தாலும் சனிக்கிழமைகளில் தேத்தண்ணீர் போட்டாள்.

ஒக்டோபரில்தான் டேரல் வந்து அவளை மடக்கினான். ஜீலோங்கிலிருந்து ஏற்கெனவே மூன்று தடவை வந்து திரும்பியவன். இந்த முறை காரை ஏற்றிப் போக ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். தொலைபேசியை நீட்டிக் காட்டினான். பஞ்சாங்கத்தை இறக்கி வைத்திருந்தான், ஆங்கிலத்தில். இன்று அட்டமியும் இல்லை, நவமியும் இல்லை, உங்கள் கணவரின் நட்சத்திரத்துக்கும் பழுதில்லை, எமகண்டம் மூன்று மணிக்கு முடிகிறது என்று பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னான். கேட்ட விலைக்கு மேலேயும் தரத் தயார் என்றான்.

விமலா அந்தத் தொலைபேசியிலேயே மணியைப் பார்த்தாள். பிறகு மூளை வேலை செய்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். எமனுக்கு அரசாங்கம் மாற்றிய நேரம் தெரியாது, ஆகவே எமகண்டம் இன்று நாலு மணிக்குத்தான் முடியும் என்றாள். டேரல் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டான். நாலு மணி வரை இருக்கிறேன் என்று கராஜுக்குள் போய், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் குந்திக்கொண்டான்.

குசினியில் நின்று அவள் நாட்காட்டியைப் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே டேரல் கேட்பதும் சிறி தேடித் தேடிப் பதில் சொல்வதும் கேட்டது. இதுதான் கடைசி என்று நினைத்து யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சிறி கூப்பிட்டான்.

"இஞ்சரும்."

விமலா கராஜுக்குப் போனாள். அவன் கார்ச் சாவி கேட்டு இடக்கையை நீட்டியிருந்தான்.

"திறப்பை... இவருக்குக் குடும்."

"இன்னும் நாலு ஆகேல்லை. நீங்கள் பேசாமல் இருங்கோ."

"நாளும் இல்லை... கோளும் இல்லை. நீர் எப்ப... பஞ்சாங்கம் பாத்தனீர்?"

டேரல் நாகரிகம் தெரிந்தவன். இது புருஷன் பெண்சாதி விவகாரம் என்று விளங்கி, ட்ரெய்லரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

"நான் களைச்சுப் போனன், விமலா," என்றான் சிறி. ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்து வெளியே வைத்தான். "கிழமைக்குக் கிழமை... வாறவங்களுக்கு... ஒரே கதை. ஏலாமல் இருக்கு. நீர் சனிக்கிழமையில... வீட்டில நிப்பீர் எண்டுதான்... கதைச்சுக் கதைச்சு விக்கப் பாத்தனான். நீர் என்னண்டா... திருப்பித் திருப்பி அனுப்புறீர்."

விமலா மற்றடோரின் கதவில் சாய்ந்துகொண்டாள். எட்டு மாதம் இந்த மனிதன் வியர்க்க வியர்க்கச் சொல் தேடியது அவளுடைய சனிக்கிழமைக்காக. ஒவ்வொரு தடவையும் அதை அட்டமி நவமி என்று தட்டிக் கொட்டியவள் அவள். வெட்கமாக இருந்தது. அதற்கு மேலே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளியே போய்த் திறப்பை டேரலின் கையில் வைத்தாள். நேரத்தைப் பார்க்கவில்லை. அவன்தான் தயங்கித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பரவாயில்லை, கொண்டு போ என்றாள்.

கார் ட்ரெய்லரில் ஏறித் தெரு முனையில் திரும்பும்வரை இருவரும் கராஜ் வாசலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நிலத்தில் எண்ணெய்க் கறையும் பழைய சாக்கு ஒன்றும் மட்டும் கிடந்தன. இனி மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்று விமலாவுக்குப் பட்டது.

"நான் அதை விக்க நினைக்கேல்லை," என்றாள். "அவையள் வந்தால்தான் உங்களுக்குக் கதை வருது. அதுதான் மறிச்சனான். என்னோட இருக்கேக்க ஓம், இல்லை. வேற ஒரு சொல்லு வராது உங்களுக்கு."

சிறி தெருவிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"சாப்பிட்டீங்களோ," என்றான், அவள் கேட்கிற மாதிரியே. "குளிசை... போட்டீங்களோ. குளிருதோ. வயித்தாலை போச்சுதோ." மூச்சு வாங்கினான். "அங்கை வேலையில... கிழடுகளிட்டைக் கேக்கிறதைத்தான்... நீர் இஞ்சை வந்தும் கேக்கிறீர். அதுக்கு... வேற என்ன மறுமொழி சொல்லுறது?"

அவன் குற்றம் சொல்லவில்லை. குரலில் கோபமும் இல்லை, வெறும் களைப்புத்தான். விமலா அவனுக்குப் பக்கத்தில் டேரல் குந்தியிருந்த வாளியில் உட்கார்ந்தாள். ஏதாவது கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதனிடம் என்ன கேட்பதென்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.