கடல் லீவில் போன நான்கு நாள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மெர்டேக்கா சுதந்திர தினத்தன்று மாலையிலிருந்து நான்கு நாட்களுக்குக் கோலசிலாங்கூரில் கடல் வரவில்லை. காலையில் ஏறியிருந்த தண்ணீர் ஏழரை மணிக்கு மேல் வழக்கம்போல் இறங்கியது. மாலையில் திரும்ப வேண்டியது திரும்பவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தன. வாளியோடு இறங்கிய சனங்கள் அள்ளிய அள்ளலில் அந்த வாரம் சந்தையில் கெராங் சிப்பியின் விலை பாதியாக இறங்கியது. கடல் எங்கே போனது என்பது உப்புத்தண்ணித் தோட்டத்து லயத்தின் இருபத்தோரு வீடுகளுக்கும் மறுநாளே தெரிந்துவிட்டது. அது மதகுக்காரர் சேதுவின் குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் போயிருந்தது.

இது விளங்க வேண்டுமானால் மதகு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். உப்புத்தண்ணித் தோட்டத்துக்குப் பெயர்ப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது, தமிழர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அது ஏறி நிற்கும் கடலைவிடத் தாழ்வான நிலம். கடலுக்கும் செம்பனை மரங்களுக்கும் நடுவே ஆள் உயர மண்கரை ஒன்று ஓடுகிறது. செம்பனைக் காட்டில் பெய்கிற மழையெல்லாம் கான் என்னும் சிறு வாய்க்கால்களில் ஓடிப் பெரிய கானில் சேர்ந்து, கரையின் நடுவே இருக்கும் மதகுக்கு வந்து நிற்கும். மதகு என்பது இரண்டு இரும்புத் தடங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒரு கனத்த இரும்புக் கதவு. மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். கடல் இறங்கியதும் கதவைத் தூக்கினால் மழைத்தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். கடல் ஏறுவதற்குள் கதவை இறக்கிவிட்டால் உப்பு உள்ளே வராது. பம்பு கிடையாது, கரண்டு கிடையாது. கடல் இறங்கும் இறக்கத்தை வைத்தே காட்டை வடிய வைக்கும் வேலை. சங்கடம் ஒன்றுதான். நிலா தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வருகிறது, அதனால் கடலும் ஐம்பது நிமிடம் பிந்தியே வருகிறது, அதனால் சேதுவும்.

இருபத்தாறு வருடமாகச் சக்கரத்தைச் சுற்றும் சேது இன்று காலை ஆறு மணிக்குப் பசியாறினால் நாளை ஆறு ஐம்பதுக்குப் பசியாறுவார். இரண்டு வாரத்தில் அவருடைய பசியாறல் மாலைக்குப் போய்விடும். மனைவி விஜயராணியும் மகள் புனிதவதியும் சாப்பிடும்போது அவர் தூங்குவார், அவர்கள் தூங்கும்போது மதகில் நிற்பார். வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிறார் என்பதற்குக் கழுவிக் கவிழ்த்த தட்டுதான் பெரும்பாலும் சாட்சி. ஒரே ஒரு தடவை, இரண்டாயிரத்து ஒன்பதில், சுங்கை சோவில் தம்பியின் கல்யாணத்துக்காக ஓர் இரவு வெளியே தங்கினார். மாற்றாள் கண்ணயர்ந்துவிட்டார். நாற்பது ஏக்கர் இளம் செம்பனை மஞ்சளாகிச் செத்தது, லயத்து அடுப்படிகளில் முழங்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை.

புனிதவதிக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வருகிற ஜனவரியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கலும்பாங். விஜயராணி கேட்டது ஒன்றே ஒன்று. "அவ போறதுக்குள்ள ஒரு மூணு நாளாச்சும் நாம மூணு பேரும் ஒரே நேரத்துல படுத்து, ஒரே நேரத்துல எந்திரிக்கணும்ங்க. அவ பொறந்ததுலேருந்து ஒரு நாளும் அப்படி நடக்கல." சேது பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் பங்கோரில் அறை எடுத்துவிட்டாள். "புக் பண்ணியாச்சுப்பா. கேன்சல் பண்ண முடியாது லா."

அவள் பார்த்த லீவு நாள் பௌர்ணமி. கடல் மிக உயரமாக ஏறுவது பௌர்ணமியன்று அல்ல, அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து. அத்தனை தண்ணீரும் நிலாவின் இழுப்புக்கு அசைந்து கொடுக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஆக, சேது மதகை விட்டுப் போகிற நாட்கள்தான் அந்த வருடத்திலேயே கடல் பெரிதாக ஏறும் நாட்கள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கார்த்திகேசுவுக்கு இரண்டு வாரம் சக்கரம் சுற்றப் பழக்கி, ஏற்ற இறக்க நேரங்களைச் சுவரில் எழுதி வைத்தும் சேதுவுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மைவி காரில் பைகளை ஏற்றிய பிறகு, கடைசியாக ஒரு தடவை மதகைப் பார்க்கப் போனார். விஜயராணியும் கைப்பையோடு கூடவே போனார். கடல் நிறைந்து கதவில் தளும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் சனங்கள் பையும் கையுமாகக் கிளம்பும்போது யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் பேசாமல் போக மாட்டார்கள். "நீங்களும் வாங்களேன்" என்பார்கள். நிற்பவர், "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்பார். அழைப்பவரும் மெய்யாக அழைப்பதில்லை, கேட்பவரும் மெய்யாக எடுத்துக்கொள்வதில்லை. இரு தரப்புக்கும் மனம் நிறைந்துவிடும். விஜயராணி பழக்கதோஷத்தில் கடலைப் பார்த்து, "பங்கோருக்குப் போறோம். நீங்களும் வாங்களேன், ஒரு நடை வந்துட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டார். கடலுக்கு இந்த உபசாரமெல்லாம் பழக்கமில்லை. இருபத்தாறு வருடமாகச் சேதுவின் வாயிலிருந்து "போ" என்ற ஒரு சொல்லை மட்டுமே கேட்டிருந்த தண்ணீர் அது. யாரும் அதை எங்கும் அழைத்ததில்லை.

லுமுட்டில் படகேறி, தெலுக் நிப்பா கடற்கரையில் ஏழாம் எண் அறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. மாலை ஏழு மணிக்கு, ஏழாம் அறைக்கு நேர் எதிரே மட்டும், தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் இருபதடி அகலத்துக்கு ஒரு தண்ணீர் வந்து நின்றது. சேற்று வாடை அடித்தது. விடுதி நடத்தும் ரொஹானி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலிகளைப் பின்னால் இழுத்துப் போட்டார். சேது குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். மார்ச் மாதம் மதகிலிருந்து விழுந்த அவருடைய இடது கால் செருப்பு அதில் மிதந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கார்த்திகேசு போனில் வந்தார்.

"அண்ணே, தண்ணி வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரல லா! நாலரைக்கே கதவ எறக்கிட்டு நிக்கிறேன். கண்ணுக்கு எட்டுன தூரம் சேறுதான் கெடக்கு."

சேது தன் முன்னால் நின்ற தண்ணீரைப் பார்த்தார். "பயப்படாத கார்த்தி. இங்கதான் இருக்கு."

மண்டோர், "வரும்போது கூட்டியாந்துருவீங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மூவரும் ஒன்பதரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தார்கள். காவல் காக்க வேண்டியது அறை வாசலிலேயே நின்றதால் சேதுவுக்கு விழித்திருக்க ஒரு காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை மூவரும் ஒரே நேரத்தில் நாசி லெமாக் பசியாறினார்கள். போர்வை மடிக்கும்போது விஜயராணி தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவார், காப்பி குடிக்கும் வரை புனிதவதி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்ற இரண்டு விஷயங்களை ஐம்பத்தைந்து வயதில் சேது தெரிந்துகொண்டார். மாலையில் இருவாட்சிப் பறவைகள் வாழைப்பழத் துண்டுக்கு வந்தன. சேது குச்சியால் மணலில் நிலாவையும் பூமியையும் வரைந்து, கடல் ஏன் ஏறுகிறது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "இத எனக்குப் பள்ளிக்கூடத்துலயே சொல்லியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன்" என்றாள் அவள். "நீ முழிச்சிருந்தப்ப நான் தூங்கிட்டேன்மா" என்றார். பழுப்புத் தண்ணீர் மூவரின் கால்விரல் வரை வந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கார்த்திகேசுவின் குரல் மாறியிருந்தது. மதகின் கடல் பக்கத்தில், கான் தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு பள்ளம் பறித்திருந்தது. கடல் எவ்வளவு இறங்கினாலும் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கதவின் அடியை யாரும் கண்ணால் கண்டதில்லை. கடல் வராமலே இருந்ததில் பள்ளம் வடிந்து காய்ந்துவிட்டது. மண்டோர் இறங்கிப் பார்த்திருக்கிறார். "எடது பக்கத் தடம் அப்பளம் மாதிரி இருக்குண்ணே. வெரலால குத்துனா ஓட்ட விழுது. இந்தப் பௌர்ணமித் தண்ணி வந்திருந்தா கதவ அப்படியே பிச்சிக்கிட்டுப் போயிருக்கும்." சேது ஊரிலேயே இருந்து, நேரம் தப்பாமல் சக்கரத்தைச் சுற்றி, கதவை இறக்கிவிட்டுக் காவல் நின்றிருந்தாலும், கடல் உள்ளே வந்திருக்கும். லயமே மூழ்கியிருக்கும். விஜயராணியின் ஒரு வார்த்தைதான் அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

வெல்டிங்காரர் கதவையே கழற்றிப் புதுத் தடம் பதித்து, அடியில் கான்கிரீட் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கரையில் ஒரு வெறும் ஓட்டைதான் இருந்தது. கான்கிரீட் இறுக இன்னும் ஒரு நாள் வேண்டும். அதே நண்பகலில்தான் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. புனிதவதி பைகளை வாசலில் எடுத்து வைத்தாள். பைகளைக் கண்டதும் கடல், கிளம்பும் நேரமாகிவிட்டது என்று எண்ணிப் பின்வாங்கத் தொடங்கியது. சேது கால்சட்டையோடு தண்ணீருக்குள் ஓடினார். விருந்தாளி புறப்படும்போது எல்லா வீட்டிலும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு, யாரும் அதை மெய்யாக எடுத்துக்கொண்டதில்லை. சேது அதை மெய்யாகவே சொன்னார். "இன்னும் ஒரு நாளு இருந்துட்டுப் போங்களேன். என்ன அவசரம்? எங்களுக்காக வந்தீங்க. வந்தது பெரிய உபகாரம். இன்னும் ஒரே ஒரு நாளு."

விஜயராணி பைகளை மறுபடி உள்ளே இழுத்தார். புனிதவதி ரவாங் மேலதிகாரிக்குப் போன் செய்து, "நாளைக்கு லீவு வேணும் சார், விருந்தாளி இன்னும் கெளம்பல" என்றாள். கொஞ்ச நேரத்தில் பழுப்புத் தண்ணீர் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. அன்றும் மூவரும் ஒன்பதரைக்கே படுத்தார்கள்.

திங்கட்கிழமை நண்பகல், கான்கிரீட் இறுகிக் கதவு ஏறியாயிற்று என்று மண்டோர் சொன்ன பிறகுதான் கிளம்பினார்கள். தவறிய ஏற்றமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எந்தக் கரையும் தாங்காது என்பது சேதுவுக்குத் தெரியும். விஜயராணி வாழையிலைத் துண்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து, வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் கொடுப்பதுபோல் தண்ணீரில் விட்டார். "பதறாம, பைய வந்து சேருங்க." கடல் அப்படியே வந்தது. மாலையில் மைவி லயத்துக்குள் நுழையும்போது அதுவும் கண்டல் மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அங்குலம் அங்குலமாக ஏறி, வழக்கமான குறிக்கு ஒரு சாண் கீழேயே நின்றுகொண்டது. சேது புதுத் தடத்தில் கதவை இறக்கினார், சத்தமே வரவில்லை. கடல் இறங்கும்போது, "போ" என்று சொல்ல வாயெடுத்தவர், "போயிட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்.

புனிதவதி இப்போது கலும்பாங்கில் இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் எல்லாரும் பங்கோர் போகும் நாளை அவளும் அவள் கணவனும் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். படகுக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நான்கு நாளில்தான் படகின் அடியைச் சுரண்டிச் சாயம் பூசுகிறார்கள். கார்த்திகேசு மதகின் அடியில் இறங்கித் தடத்துக்குக் கிரீஸ் போடுகிறார். தெலுக் நிப்பாவில் ரொஹானி அக்கா ஏழாம் அறையைப் பதிவு செய்யும்போதே, இந்தத் தடவையும் கடல் கூட வருகிறதா என்று கேட்டுக்கொள்கிறார். வருகிறது என்றால் நாற்காலிகளைப் பத்தடி பின்னால் தள்ளிப் போட வேண்டும்.