மூன்று விரலுக்கு ஒரு துப்பாக்கி

இருநூறு டாலர் கைத்துப்பாக்கிக்கு அறுநூறு டாலர் செலவு செய்தவன் நான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மனைவி மார்லிஸின் வலது கையில் இருப்பது மூன்றே விரல். மற்ற இரண்டையும் பன்றி இறைச்சி ஆலையின் ரம்பம் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் போட்டியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மைதானத்துப் பக்கமே அவள் எட்டிப் பார்க்கவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, பிடியை அவள் கைக்கு ஏற்றபடி செதுக்கினேன். விசையை இளக்க ஊரிலேயே கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். எங்களோடு போட்டியில் சுடும் நண்பன் ஆர்லன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“டேய் வெர்லின், அந்தக் காசுக்கு நல்லதாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமே. கழுதைக்கு எதுக்குடா வெள்ளி லாடம்?”

“நல்லதையெல்லாம் அஞ்சு விரல்காரனுக்குத்தான் செய்யறான்” என்றேன். அவன் பேச்சை மாற்றினான்.

ஏப்ரலில் மலிவுத் துப்பாக்கிப் போட்டி. யாரும் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்று, மண் பாதைக் கார்ப் பந்தயத்திலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தோம். இரண்டாவதாக வந்தவர் முந்நூறு டாலரை மேஜையில் வைத்தால், முதலில் வந்தவரின் துப்பாக்கி அவருக்கு. மறுபேச்சு கிடையாது. அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

மார்லிஸ் கடைசி ஆளாகச் சுட வந்து நின்றாள். குறிக்கு வைத்திருந்த ஆறு இரும்புத் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஆர்லனைவிட அரை நொடி குறைவு. நான் பலமாகக் கை தட்டினேன். அப்புறம்தான் அந்த விதி நினைவுக்கு வந்தது.

ஆர்லன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். “எனக்கு வேணாம் மார்லிஸ். நீயே வச்சுக்க.”

“போன வருஷம் லைல் ஜெயிச்சப்ப என்ன பண்ணினே?”

“அது வேற…”

“அவன்கிட்ட வாங்கினேல்ல? அப்ப என்கிட்டயும் வாங்கு. பாவம் பார்க்கறதா இருந்தா நான் வீட்லயே இருந்திருப்பேன்.”

ஆர்லன் காதெல்லாம் சிவக்க மூன்று நூறு டாலர் தாள்களை எண்ணி வைத்தான். அவள் குண்டுகளை எடுத்துவிட்டு, காலியாக இருப்பதைக் காட்டித் துப்பாக்கியைக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துப் பார்த்தான். மிஞ்சிய இரண்டு விரலை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. லைல்தான் முதலில் சிரித்தான், பிறகு எல்லோரும்.

வண்டியில் வீடு திரும்பினோம். நான்தான் வாயைத் திறந்தேன். “அந்த விதி என் புத்தியிலேயே இல்ல.”

“எப்படி இருக்கும்? நான் ஜெயிப்பேன்னு நீ நினைக்கவே இல்லையே.”

பொய் சொல்ல முடியவில்லை. அவளை மைதானத்துக்கு வர வைத்தால் போதும் என்றுதான் குளிர்காலம் பூராவும் செதுக்கினேன். வெட்கமாக இருந்தது.

அவள் மூன்று தாள்களையும் என் சட்டைப் பையில் செருகினாள்.

“இன்னொண்ணு வாங்கு. இந்தத் தடவை ஜெயிக்கறவளுக்குச் செய்.”