மே மாதத்துப் பிள்ளை

எங்கள் கான்வென்ட்டில் எட்டாம் வகுப்பிலேயே இளையவள் நான்தான். மே மாதக் கடைசியில் பிறந்தவள். ஜூனில் பள்ளி திறந்தபோது பள்ளியில் சேர்க்கும் வயது சரியாக நிறைந்திருந்ததால் அப்பா அந்த வருடமே சேர்த்துவிட்டார். என் சிநேகிதி சோலையம்மாள் எனக்குப் பதினோரு மாதம் முன்னால், முந்தைய வருட ஜூனில் பிறந்தவள். அவளுக்கு அப்போதே நல்ல உயரம். நான் அவள் தோளுக்குக்கூட வரவில்லை.

பி.டி. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ஓட்டம், உயரம் தாண்ட ஒரே கம்பு. பனி விலகாத மைதானத்தில் சோலை ஓடுவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வருடா வருடம் அவளுக்கு 'ஏ', எனக்கு 'சி'. நான் சோம்பேறி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

1977இல் ஒரு நாள், கம்பைத் தட்டிவிட்டு மணலில் விழுந்து அழுதேன். சோலை நேராக பி.டி. டீச்சர் தெரசம்மாளிடம் போனாள்.

"டீச்சர், இவ என்னைவிட ஒரு வருசம் சின்னவ. ஏழாங்கிளாஸ் பிள்ளைகளோட ஓடவிட்டுப் பாருங்க."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். அன்று மாலையே ஏழாம் வகுப்பு வரிசையில் என்னை நிறுத்தினார். அதில் சிலர் என்னைவிடச் சில வாரங்களே இளையவர்கள். எல்லைக் கயிற்றை முதலில் தொட்டது நான்தான். நின்ற பிறகும் நம்ப முடியவில்லை.

டீச்சர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் மார்க்கை வகுப்புக்குத்தான் போட முடியும், வயதுக்குப் போட வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த வருடமும் 'சி'தான். அதற்காக நான் அழவில்லை. காலையில் வெள்ளனே எழுந்து ஏரியைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். தூக்கம் கெட்டாலும் சோலையும் கூட வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் நான் திடீரென்று வளர்ந்தேன். பாவாடையைப் பிரித்துத் தைத்தே அம்மாவுக்கு அலுத்துப்போனது. பத்தாம் வகுப்புப் போட்டியில் சோலையை முந்திவிட்டேன். எனக்கு 'ஏ', அவளுக்கு 'பி'.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நாயுடுபுரம் இறக்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளே பேசினாள்.

"எனக்கு முன்னாடியே வளந்துருச்சு, ஒனக்கு இப்பத்தான் வளருது. இதுக்கு ஏன்டி மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க?"

பிறகு வழக்கம்போல என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வேறு ஏதோ கதையைப் பேசியபடி முன்னால் நடந்தாள்.